பட்டறைப் பாடங்கள் – 11: கார்புரேட்டர் இல்லாத ரம்பம் நின்றால்...

போர்ட் கிள்ளானின் கண்டெய்னர் முற்றங்களில் புதிதாக ஒரு குழாய் இறங்க வேண்டுமானால் முதலில் கான்கிரீட் தரையை வெட்டியாக வேண்டும். வெட்டும் ரம்பம் பாதியில் நின்றால், குழாய் இறக்கக் காத்திருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். போன வாரம் கார்புரேட்டர் ரம்பத்தைப் பிரித்துப் பார்த்தோம். இந்த வாரம் இன்ஜெக்‌ஷன் ரம்பம்.

ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் செய்த டிஎஸ் 500ஐ, மின்னணு இன்ஜெக்‌ஷனுடன் வந்த முதல் கான்கிரீட் கை ரம்பம். 72.2 சிசி, 3.9 கிலோவாட். பின்னர் அதே வழியில் எம்எஸ் 500ஐ என்ற 79.2 சிசி செயின்சாவும் வந்தது. இரண்டிலும் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுக்கும்போது சுழலும் சக்கரமே மின்சாரம் தருகிறது. சென்சார்கள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கின்றன. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கிடுகிறது. இன்ஜெக்டர் அதை கிராங்க் கேஸுக்குள் தெளிக்கிறது. திருகித் திருகிச் சரிசெய்ய கார்புரேட்டர் திருகுகள் இல்லை.

இதனாலேயே ஒரு தவறான பழக்கம் வந்துவிட்டது. ரம்பம் நின்றதும் "கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்லி, விலை அதிகமான பெட்டியை முதலில் மாற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும், தொட்டியில் தண்ணீர் கலந்திருந்தால் ரம்பம் ஓடாது. விசாரணை தொட்டியில் தொடங்கி இன்ஜெக்டர் வரை, பெட்ரோல் போகும் வழியிலேயே போக வேண்டும்.

முதலில் வெட்டும் தட்டைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறட்டும். அருகில் நெருப்போ தீப்பொறியோ கூடாது.

தொட்டியில் உள்ளதைத் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். கான்கிரீட் தூளும் படியும். கிள்ளானின் ஈரக் காற்றில், பாதி காலியான பெட்ரோல் தோம்பின் உட்சுவரில் நீர் வியர்க்கும். ஈரமாக வெட்டும்போது தெறிக்கும் சேறு மூடியைச் சுற்றிக் காய்ந்து, திறந்த நொடியில் உள்ளே விழும். மூடியைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். டீசலுக்கு வைத்த தோம்பை இதற்கு எடுக்கவே கூடாது. புதுக் கலவை 50-க்கு 1: ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி 2டி எண்ணெய்.

புதுப் பெட்ரோலில் சில நிமிடம் ஓடி மறுபடி நிற்கிறதா? மூடியை மெல்லத் தளர்த்துங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன் பிறகு ரம்பம் ஓடினால், தொட்டியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. மலிவான இந்தக் கோளாறை மின்னணுக் கோளாறு என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

அடுத்து ப்ரைமர் பல்ப். அழுத்தியபின் பழையபடி உப்பாமல் சப்பையாகவே நின்றால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு. தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தால் குழாயில் எங்கோ வெடிப்பு.

பெட்ரோல் பம்ப் இயங்குவது கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பால். அதைக் கொண்டுவரும் குழாய் கிழிந்தாலோ கிராங்க் சீல் தேய்ந்தாலோ பம்ப் பலமிழக்கும்; வெளிக்காற்றும் உள்ளே நுழையும். அழுத்தச் சோதனையும் வெற்றிடச் சோதனையும் செய்தால் உண்மை தெரியும்.

பலமுறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சோதியுங்கள். இவை அனைத்தும் சரியென்றால்தான் ஒயர் இணைப்புகள், இன்ஜெக்டர், பெட்டி என்று போக வேண்டும். கடலோரத்தில் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்குமேல், கம்ப்யூட்டரில் பொருத்திப் படிக்கும் கருவி உள்ள டீலரிடம் கொடுப்பதே நேர்வழி.

இந்த வரிசையை நான் வலியுறுத்துவது பணத்துக்காக மட்டுமல்ல. இவை டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள். பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடேறிய பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடும். அதனால், திணறும் ரம்பத்தை முழு வேகத்தில் வைத்து "இந்த ஒரு வெட்டு மட்டும்" என்று ஓட்டாதீர்கள். சில வெள்ளியில் தீர வேண்டிய ஃபில்டர் கோளாறு, புது சிலிண்டர் வாங்கும் செலவில் முடியும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும், திணறல் கேட்டதும் நிறுத்தச் சொல்லும் உரிமை ரம்பத்தைப் பிடித்திருப்பவருக்கு இருக்க வேண்டும். அந்தத் திணறல் முதலில் தெரிவது அவர் கைக்குத்தான்.

அடுத்த வாரம்: அழுத்தச் சோதனையையும் வெற்றிடச் சோதனையையும் பட்டறையிலேயே செய்யும் முறை.