பத்து ஹெச்.பி. மோட்டாரும் ஒரு இஞ்ச் தண்ணியும்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் நான் கணக்கிலேயே கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எதுவானாலும் எட்டரைக்குள் பந்தியில் உட்கார்ந்து எழுந்து ஓடி வந்துவிடுவேன். ஒன்பதுக்கு ஹெட்போனை மாட்டினால் பதினொன்று வரை அடியேன் துப்பாக்கி ஏந்திய வீரன்!

"பக்கத்தூட்டுல கேட்டா என்னன்னுங்க சொல்றது? எங்கூட்டுக்காரர் சுடறதுக்குப் போயிருக்காருன்னா?" என்பாள் என் மனைவி.

விஷயம் இதுதான். பி.காம். படித்தபோது நாங்கள் ஐந்து பேர். காஸ்ட் அக்கவுன்ட்ஸ் வகுப்பைக் கட் அடித்துவிட்டு, காந்திபுரத்து ப்ரௌஸிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆடிய கோஷ்டி. இன்று ஒருத்தன் திருப்பூரில் பனியன். ஒருத்தன் பொள்ளாச்சியில் தேங்காய். ஒருத்தன் பெங்களூர். ஒருத்தன் ஷார்ஜாவில், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் இருக்கிறான். நான் மட்டும் கோயமுத்தூரிலேயே, பத்திரிகைகளுக்கு எழுதியது போக மிச்ச நேரத்தில் நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக்கொண்டு. அந்த ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர். நாங்களும் ஐந்து. ஒருத்தன் வராவிட்டால் எங்கிருந்தோ முகம் தெரியாத ஆசாமி ஒருத்தன் உள்ளே வந்து, புரியாத பாஷையில் திட்டுவான்.

"வாரத்துல அந்த ரெண்டு மணி நேரம்தான்டா நான் தமிழ்ல சிரிக்கிறேன்" என்று ஷார்ஜாக்காரன் ஒருமுறை சொன்னான். அதற்கப்புறம் யாரும் லீவு போடுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது 2023 செப்டம்பர் 27-ம் தேதி. அன்றைக்குத்தான் பழைய ஆட்டத்தை எடுத்துவிட்டு 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2' என்று புதுசை இறக்கினார்கள். புகை நிஜப் புகை மாதிரி சுருள்கிறது, தண்ணீர் பளபளக்கிறது. எல்லாம் சரி, என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது.

அது 2018 தீபாவளிக்கு நானே பூட்டிய பெட்டி. ரைஸன் 3 2200ஜி ப்ராஸஸர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜி.பி. ராம், அடுத்த வருஷம் சேர்த்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராஃபிக்ஸ் கார்டு. ஆரம்ப முதலீடு 32 ஆயிரம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் புத்தக மதிப்பு 2,488 ரூபாய். படித்த படிப்பு இப்படித்தான் அடிக்கடி வயிற்றைக் கலக்கும்.

திரையில் ஒரு நொடிக்கு 60 படம் ஓடினால் கண்ணுக்கு வழவழவென்று இருக்கும். அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். எனக்குச் சராசரி 70 வந்தது. ஆனால் சராசரியை நம்பக்கூடாது சார்! சண்டை சூடு பிடித்து, பத்து பேரும் ஒரே சந்தில் குண்டு போடும்போது அது 22-க்கு விழும். நான் எதிரியைப் பார்ப்பதற்குள் எதிரி என்னைப் பார்த்து, சுட்டு, அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்.

"கிராஃபிக்ஸ் கார்டை மாத்து மாப்ள, பறக்கும்" என்றான் பொள்ளாச்சிக்காரன். தேங்காய் விலை நன்றாயிருந்த நேரம். அவனுக்கு எல்லாமே சுலபம்.

கடைக்குப் போனேன். (எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.) "ஏனுங்ணா, ஆர்.எக்ஸ். 580 இருக்குதுங்ணா. எட்டு ஜி.பி. செகண்ட்ஸ்தான், ஆனா ஒரே ஓனர்ங்ணா. ஏழாயிரம்" என்றான் கடைப் பையன், மாருதி கார் விற்கிற தோரணையில். 2017-ல் வந்த கார்டு அது. இத்தனை மலிவாகக் கிடைக்கக் காரணம், அந்த 'ஒரே ஓனர்' அதில் கேம் ஆடியவர் அல்ல. ஈதரியம் என்ற டிஜிட்டல் காசைத் தோண்டியவர். இரவு பகலாக ஓடிய கார்டுகள் இவை. 2022 செப்டம்பர் 15-ம் தேதி ஈதரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது, தோண்டுவதற்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. உலகம் முழுக்க கார்டுகள் செகண்ட்ஸ் மார்க்கெட்டில் வந்து குவிந்தன. அதில் ஒன்று என் மடியில்.

பூட்டினேன். அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். படம் அழகாக இருந்தது. வேகம்? சராசரி 74! ஏழாயிரம் ரூபாய்க்கு நாலே நாலு படம். அதைக் கூட மன்னித்திருப்பேன். மூன்றாவது ரவுண்டில், பெட்டி 'டப்'பென்று அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி 'டப்'. இப்படியே மூன்று ஞாயிறு. நாலாவது வாரம் ஷார்ஜாவிலிருந்து போன்: "ஏன்டா, வர இஷ்டமில்லைன்னா சொல்லிடு."

அந்த ஒரு வார்த்தை ஏழாயிரத்தை விட அதிகமாக வலித்தது.

எங்கப்பா முப்பத்தைந்து வருஷம் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். 1937-லேயே ஜி.டி. நாயுடு மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. எங்கப்பா தலைமுறைக்கு மோட்டார் சத்தத்தைக் கேட்டே பேரிங் போச்சா, காயில் போச்சா என்று சொல்லத் தெரியும். நான் பெட்டியைப் பிரித்துப் போட்டு முழித்துக்கொண்டிருந்தபோது, கையில் டாங் டெஸ்டரோடு வந்து நின்றார்.

"எத்தனை ஆம்ஸ் இழுக்குது கண்ணு?"

"தெரியலீங்ப்பா."

"தெரியாமத்தான் ஏழாயிரம் போட்டியாக்கும்?"

எக்ஸ்டென்ஷன் வயரைக் கீறி, ஒற்றைக் கம்பியைத் தனியே எடுத்துக் கவ்வ வைத்தார். ரெண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினால், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முள் எழும்பாது. ஆட்டத்தை ஓட விட்டோம். 1.6 ஆம்பியர் காட்டியது, கொஞ்ச நேரத்தில் 'டப்'. அடுத்து பெட்டிக்குள்ளிருந்த பவர் சப்ளையை, அதுதான் எஸ்.எம்.பி.எஸ்., கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "450 வாட்ஸ்னு எழுதியிருக்குது. தூக்குனா ரேடியோ எலிமினேட்டராட்ட இருக்குது!"

லேபிளைப் படித்தேன். கார்டும் ப்ராஸஸரும் சாப்பிடுவது 12 வோல்ட் லைனில். அங்கே போட்டிருந்தது 16 ஆம்பியர். பன்னிரண்டு பதினாறு 192 வாட்ஸ். கார்டு மட்டும் 185 கேட்கும், ப்ராஸஸர் 65 கேட்கும். வரவு 192, செலவு 250! பி.காம். படித்தவன் ஐந்து வருஷம் இந்த லேபிளைப் படிக்கவில்லை என்பதை வெளியே சொல்லாதீர்கள். பழைய 1050 டி.ஐ. 75 வாட்ஸில் ஓடியதால் குட்டு வெளிப்படவில்லை, அவ்வளவுதான்.

அணைவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வேகம் ஏன் ஏறவில்லை? டாஸ்க் மானேஜரைத் திறந்து காட்டினேன். ஆட்டம் ஓடும்போது ப்ராஸஸர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. புது கார்டு 40-ல் சும்மா காற்று வாங்குகிறது.

அப்பா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போர்ல ஒரு இஞ்ச் தண்ணிதான் ஊறுது. நீ அஞ்சு ஹெச்.பி. இறக்கியிருக்கறே. தண்ணி பத்தலைன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு பத்து ஹெச்.பி. இறக்குனா என்ன வரும்?"

"காத்துதானுங்ப்பா வரும்."

"மோட்டாரும் வேகும்."

இதைவிட எளிமையாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. யார் எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போடுவது ப்ராஸஸர். அந்தக் கணக்கு வந்தால்தான் கார்டு படம் வரையும். ஊற்று அங்கே, மோட்டார் இங்கே. உங்களுக்கும் சந்தேகமிருந்தால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆட்டத்தில் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் எகிறினால் கார்டுதான் தடை. அசையாவிட்டால் ப்ராஸஸர் பக்கம் திரும்புங்கள். கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை. நான் போய் வந்தபின் செய்தேன்.

புது எஸ்.எம்.பி.எஸ். 550 வாட்ஸ், 12 வோல்ட்டில் 43 ஆம்பியர், 3,900 ரூபாய். அப்பா கையில் வாங்கிப் பார்த்து "ம்ம், கனம் இருக்குது" என்றார். ஐ.எஸ்.ஐ. முத்திரை விழுந்த மாதிரி! இன்னொரு 8 ஜி.பி. ராம் 1,750. ஒற்றையாக இருந்தது ஜோடியானால் ப்ராஸஸருக்கு ரெண்டு வாய்க்காலில் தண்ணி பாயும். அதைச் செருகும்போது தெரிந்த இன்னொரு வெட்கக்கேடு: என் பழைய ராம் 3000 வேகத்துக்கு உரியது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு பட்டனைத் தட்டாததால் ஐந்து வருஷமாக 2133-ல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பைக் வாங்கிய நாளிலிருந்து செகண்ட் கியரிலேயே ஓட்டின கதை.

(நல்லவேளை, ராமை அப்போதே வாங்கினேன். 2025 கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எங்கேயோ போய்விட்டது. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்ற 'க்ரூஷியல்' வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.)

மிச்சம் ப்ராஸஸர். இங்கேதான் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். வழக்கமாகப் புது ப்ராஸஸர் என்றால் புது போர்டு, சில சமயம் புது ராம், ஆக மொத்தம் புது கம்ப்யூட்டர். ஆனால் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் நீண்ட ஆயுசுக்காரன். 2020 மே மாதம் அந்தக் கம்பெனி, அடுத்து வரும் ப்ராஸஸர்கள் பி450 போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் போட்ட கூச்சலில், அதே மாதத்தில் "சரி, சரி, ஓடும்" என்று இறங்கி வந்தது. யாரோ எங்கேயோ போட்ட கூச்சல், 2024 ஜனவரியில் என் பாக்கெட்டைக் காப்பாற்றியது. 2022-ல் வந்த ரைஸன் 5 5600, ஆறு கோர், 10,800 ரூபாய். அதே சாக்கெட்.

ஒரே ஒரு கண்டிஷன். பழைய ப்ராஸஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போனால் போர்டு அம்போ!

கரண்ட் போனால்... எந்த ஊரில் சொல்கிறேன் பாருங்கள். 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்த ஊர். மனைவி பேப்பரை எடுத்து 'இன்றைய மின்தடை' பகுதியைக் கல்யாண முகூர்த்தம் பார்ப்பது போலப் பார்த்தாள். "இன்னிக்கு நம்ம ஏரியா இல்லீங்க. நாளைக்குத்தான்." யு.பி.எஸ். பேட்டரியை அப்பா சோதித்துப் பார்த்து, ஏழு நிமிஷம் தாங்கும் என்றார். "மிக்ஸி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் ஒண்ணும் போடக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, மெயின் ஸ்விட்ச் பக்கத்திலேயே காவல் நின்றார். திரையில் கோடு நகர்ந்தது. 20... 45... 70... மாடியில் யாரோ தண்ணி மோட்டாரைப் போட, ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. என் பிராணனும் சிமிட்டியது. 100!

ப்ராஸஸரைக் கழற்றி, புதுசை வைத்து, பேஸ்ட், ஃபேன் எல்லாம் மாட்டி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது. லைட் எரிகிறது. திரை... கும்மிருட்டு.

பத்து நிமிஷம் வியர்த்தேன். மறுபடி கழற்றினேன், மாட்டினேன். இருட்டு. காபி கொண்டுவந்த மனைவி பின்னால் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இந்த டி.வி. வயரு முன்னாடி கீழ ஓட்டைல தான இருந்துச்சு? இப்ப மேல இருக்குது?" என்றாள்.

தூசி தட்டும்போது மானிட்டர் வயரை, கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறேன். பழைய 2200ஜி-யில் படம் காட்டும் வசதி உள்ளேயே உண்டு. 5600-ல் அது கிடையாது. வயரை மாற்றினேன். வெளிச்சம்!

வரவு செலவைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சேர்த்து 23,450. பழைய கார்டையும் ப்ராஸஸரையும் திருப்பூர்க்காரன் தன் பையனுக்காக 5,500-க்கு எடுத்துக்கொண்டான். நிகரச் செலவு 17,950. "டில்டிங் கிரைண்டர் வாங்கிருக்கலாம்" என்பது வீட்டு ஆடிட்டரின் குறிப்பு. முதலிலேயே டாஸ்க் மானேஜரைத் திறந்திருந்தால் அந்த ஏழாயிரத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்பது என் குறிப்பு. கார்டு மேல் பழியில்லை, பாவம். நல்ல கரண்ட் கிடைத்ததிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது.

அந்த ஞாயிறு ஒன்பது மணி. ஷார்ஜாவில் ஏழரை. சராசரி 150, சண்டையில் கூட 85-க்குக் கீழே இறங்கவில்லை. அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் ரவுண்டு. கதவைத் திறந்தேன். எதிரி வழவழவென்று, துல்லியமாக, ஒவ்வொரு பொத்தானும் தெரிகிற மாதிரி வந்தான். சுட்டான். செத்தேன்.

"ஸிஸ்டம் சரியாயிடுச்சுன்னு சொன்னே?" என்றான் பெங்களூர்.

"ஸிஸ்டம் சரியாத்தான்டா இருக்குது."

"அப்ப போர்ல தண்ணியில்லை மாப்ள" என்றான் பொள்ளாச்சி. அவனிடம் போய் அப்பா சொன்னதைச் சொல்லி வைத்திருந்தேன், என் தப்பு. ஹெட்போனில் ஷார்ஜாக்காரன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவனையும் சுட்டுவிட்டார்கள்.