கட்டுச்சோற்றோடு போன மலை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஓட்டல்களில் முன்பெல்லாம் ‘குடும்ப அறை’ என்று ஒரு பலகை தொங்கும். அறை என்பது பெரிய பேச்சு. கூடத்தின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, ஒரு மேசை, நான்கு நாற்காலி போட்டு, வாசலில் திரை கட்டியிருப்பார்கள். பெண்ணோடு வருகிறவர்கள் அதற்குள்தான் போக வேண்டும். பரிமாறுகிறவர் திரையை விலக்கும் முன் ஒருமுறை இருமுவார். 1988-ல் கல்யாணம் ஆகி மூன்றாம் மாதம், அப்படி ஒரு திரைக்குப் பின்னால் நானும் அவரும் ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம். என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னார், வந்தது. சாப்பிட்டு வெளியே வந்தபோது கூடத்தில் இருந்த ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தார். வீடு வரும்வரை எனக்கு அந்தப் பார்வைதான் நினைவில் இருந்தது, தோசையின் ருசி இல்லை.

மாமியார் விஷயம் தெரிந்து கோபப்படவில்லை. “ஏன், வீட்டுல அடுப்பு எரியலையா?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அந்தக் கேள்விதான். ஓட்டல் சாப்பாடு வழிப்போக்கனுக்கு, வக்கீலைப் பார்க்க வந்தவனுக்கு, வீட்டில் ஆளில்லாதவனுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் ருசிக்காக ஓட்டலுக்குப் போவது, வீட்டுச் சமையலைக் குறை சொல்வதற்குச் சமம்.

ஊர் பார்ப்பது என்றால் கோயில். அதுவும் இருவராக இல்லை, ஒன்பது பேராக. திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள், ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர், மணலூர்ப்பேட்டைக்கு அருகே ஆதிதிருவரங்கம். விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறி, எவர்சில்வர் தூக்கில் அடைத்து, வாழையிலை நறுக்கை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்புவோம். ஆண்கள் பஸ்ஸின் பின்பக்கம், பெண்கள் முன்பக்கம். திருக்கோவிலூரில் முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடைகழியின் கதையை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். ஒன்பது பேர் கூட்டத்தில் நாங்கள் இருவர் சேர்ந்து உட்கார அந்த அளவு இடம்கூடக் கிடைக்கவில்லை. அவர் தமிழாசிரியர் என்பதால், தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைக் காட்டி, பாரி மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்லும் வீரட்டேசுவரர் கோயில் கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம் 1991 கார்த்திகை மாதத்தில். மாமியாரிடம் கச்சிராயபாளையத்தில் ஒரு துக்கம் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனோம். விசாரித்ததும் உண்மை, அதன் பிறகு கோமுகி அணைக்குப் போனதும் உண்மை. கல்வராயன் மலையில் பெய்கிற மழை இறங்கிவந்து நிற்கும் அணை அது. 46 அடி உயரம். அந்த மாதம் நிரம்பியிருந்தது. கரைமேல் நடந்தபோது காவலுக்கு இருந்த பெரியவர் எதிரே வந்து, “யாரு, எந்த ஊரு, உங்களுக்கு என்ன உறவு?” என்று அவரைக் கேட்டார். நான் புடவைக்குள் கிடந்த தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டேன். பெரியவர் அதற்குப் பிறகுதான் சிரித்தார். “போயிட்டு வாங்கம்மா, தண்ணிகிட்டப் போகாதீங்க” என்றார். கேட்டது அவர் கடமை என்றே அன்று நினைத்தேன். கூட வருகிறவரை ஊருக்கு நிரூபித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்த காலம் அது என்று இன்றைக்குத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அணையோடு திரும்பியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஏறிவிட்டேன்.

கல்வராயன் மலை எங்களுக்குப் பக்கத்து மலை. காலையில் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே நீலமாகத் தெரியும். ஆனாலும் அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. மலையில் இருக்கிற மக்கள் மலையாளிகள் என்று சொல்லப்படுவார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்பதுதான் பொருள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி அங்கே நடந்தது. நாடு சுதந்திரம் பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976-ல்தான் அரசு அந்த மலையைக் கையில் எடுத்தது. நாங்கள் பஸ் ஏறியபோது அது நடந்து 15 வருடம்தான் ஆகியிருந்தது. கீழே இருந்த எங்களுக்கு அப்போது இதெல்லாம் பாடமாகக்கூடச் சொல்லித் தரப்படவில்லை.

வெள்ளிமலைக்கு முன்னால் பஸ் பழுதாகி நின்றது. அடுத்த பஸ் மாலையில்தான். கையில் கட்டுச்சோறும் இல்லை, கடையும் இல்லை. சாலையோரத்து வீட்டு அம்மா ஒருவர் எங்களைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அலுமினியத் தட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. சோறு சிறுமணியாக, உதிரியாக, லேசாகப் புகை மணத்தோடு இருந்தது. என் தட்டும் அவர் தட்டும் பக்கத்தில் பக்கத்தில். திரை இல்லை. யாரும் இருமவில்லை. “இன்னும் கொஞ்சம் போட்டுக்க கண்ணு” என்று அந்த அம்மா முதலில் என்னைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் காசு எடுத்து நீட்டியதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் அவர் கையை இழுத்து மடக்கினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவராக வெளியே சாப்பிட்ட முதல் சாப்பாடு எது என்று யாராவது கேட்டால், நான் அந்தத் தோசையைச் சொல்வதில்லை. இதைத்தான் சொல்வேன்.

இனி இன்றைய கதை. வீட்டை மாற்றாமலே நாங்கள் மூன்று மாவட்டங்களில் குடியிருந்துவிட்டோம். தென்னார்க்காடு 1993-ல் பிரிந்து விழுப்புரம் ஆயிற்று. விழுப்புரம் 2019 நவம்பர் 26-ல் பிரிந்து கள்ளக்குறிச்சி ஆயிற்று. மாவட்டத் தலைநகர் ஆனதும் ஊரின் சாப்பாடு மாறியது. கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்கள், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள், சனி ஞாயிறு என்று தனிக்கூட்டம். பிரியாணிக்கடை, மந்திக்கடை, கேக் கடை என்று சாலைக்குச் சாலை. சேலம்–உளுந்தூர்பேட்டை நான்கு வழிச் சாலை வந்த பிறகு ஊருக்குள் நுழையாமலே வண்டிகள் போகின்றன. முன்பு சென்னை பஸ் ஊருக்குள் வந்து நிற்கும்போது இறங்கிச் சாப்பிட்டவர்கள் இப்போது புறவழியில் விளக்குப் போட்ட பெரிய கடைகளில் நிறுத்துகிறார்கள். சாலையிலிருந்தே தெரிகிற தியாகதுருகம் மலைக்கோட்டையைக்கூட எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டிவிடுகிறார்கள். மேலே பழைய பீரங்கி கிடக்கிறது என்று சொன்னால், “அப்படியா?” என்கிறார்கள்.

குடும்ப அறைத் திரை எப்போது இறங்கியது என்று யோசித்துப் பார்த்தால் தேதி சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் ‘ஏசி ஹால்’ என்று பலகை மாறியிருந்தது. இப்போது புதிதாகக் கல்யாணம் ஆன பிள்ளைகள் கூடத்தின் நடுவே எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே தட்டில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடுகிறார்கள். அவள் கேட்பது முதலில் வருகிறது. சில நேரம் அவளே காசு கொடுக்கிறாள். இதைக் காலம் கெட்டுப்போனது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. என் வயதுப் பெண்களில் எத்தனை பேர், தனக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்றே தெரியாமல் முப்பது வருடம் சமைத்திருக்கிறார்கள்! போன வருடம் ஒரு கடையில் அவர் என்னைப் பார்த்து, “உனக்கு என்னம்மா வேணும்?” என்றார். சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

ஓய்வு பெற்ற பிறகு நாங்களும் மாதம் ஒரு நாள் கிளம்புகிறோம். ஸ்கூட்டரில் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து மலை. அணைக்கரையில் யாரும் உறவு கேட்பதில்லை. கரையோரம் மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். அணை மீனா என்று கேட்டு வாங்க வேண்டும். மலைச் சாலை நன்றாக இருக்கிறது, வளைவுகளில் நிதானமாகத்தான் போக வேண்டும். வழியிலேயே பெரியார் நீர்வீழ்ச்சி. மேகம் நீர்வீழ்ச்சிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், எங்கள் முழங்காலுக்கு அது முடியவில்லை. கரியாலூரில் படகுத்துறையும் பூங்காவும் இருக்கின்றன. வாரக் கடைசியில் இருவர் இருவராக எத்தனை பைக்குகள்! கல்யாணம் ஆனவர்களா, ஆகப்போகிறவர்களா, எனக்கு அது தேவையில்லை. அருவி முன்னால் கைகோத்து நிற்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், எனக்குப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பீர் பாட்டிலைப் பாறையில் உடைத்துவிட்டுப் போகிறவர்கள் மேல்தான் கோபம். அந்தப் பாறையில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் மலைக்காரப் பிள்ளைகள்.

பாட்டில் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு வெளியூரில் எங்கே போய்க் கள்ளக்குறிச்சி என்றாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். கல்வராயன் என்றால் சாராயம் காய்ச்சுகிற மலை என்றே பலர் மனதில் பதிந்திருக்கிறது. அந்தச் சாவுகளைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அங்கே பேசப்பட்டதெல்லாம் அடிப்படையான விஷயங்கள். அருவியைப் பார்க்க நாங்கள் அரை மணியில் ஏறிப்போகிற மலையில், பிரசவ வலி எடுத்த பெண் இறங்கிவரப் பட்ட பாட்டை நாங்கள் கேட்டதே இல்லை.

மலையில் இப்போது கடைகள் இருக்கின்றன. பரோட்டா, சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், பாக்கெட் சிப்ஸ். கீழே கிடைப்பது அத்தனையும் மேலே கிடைக்கிறது. மேலே விளைவது மட்டும் கிடைக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு முதல் தடவை போனபோது வெள்ளிமலையில் ஒரு கடை நடத்துகிற அம்மாவிடம், “சாமைச் சோறு கிடைக்குமா?” என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“நாங்களே இப்ப ரேஷன் அரிசிதாம்மா திங்கறோம். சாமைய யாரு வெதைக்கறாங்க? எல்லாம் குச்சிக்கிழங்கு.”

அது உண்மைதான். மலைச்சரிவெல்லாம் மரவள்ளி. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாக இறங்குகிறது. கையில் காசு பார்க்க அதுதான் வழி. சாமை வேறு மாதிரி. விதைத்து அறுத்தால் போதாது, உரலில் குத்திக் குத்தி உமி நீக்க வேண்டும். குத்துகிற கை பெண்ணின் கை. அந்தப் பெண்கள் திருப்பூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள், ஆண்கள் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். அவர்கள் பழையபடி உரலோடு நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது, சென்னை ஓட்டலில் சாமைப் பொங்கலுக்கு அரிசிப் பொங்கலைவிட விலை கூட. அந்த விலையில் ஒரு பங்கு இந்த அம்மாவுக்கு ஏன் வரக்கூடாது? உமி நீக்கும் இயந்திரம் வந்துவிட்டது. விதை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இல்லாதது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆள்தான். அருவிக்கு வருகிற பைக்குகளில் பத்தில் ஒன்று கேட்டாலும் போதும்.

அந்த அம்மா அன்று வேறொன்றும் சொன்னார். “எங்க நாத்தனார் வீட்டுல கொஞ்சம் போட்டிருக்காங்க. மொத நாளே சொன்னீங்கன்னா ஆக்கி வைக்கறேன்.” நம்பர் வாங்கிக்கொண்டு வந்தோம். இருபது நாள் கழித்து, முந்தின சாயங்காலம் போன் செய்துவிட்டுப் போனோம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கொஞ்சம் தேன். 1991-ல் சாப்பிட்ட அதே ருசியா என்று கேட்டால், புகை மணம் இல்லை. இப்போது கேஸ் அடுப்பு. மற்றதெல்லாம் இருந்தது. இவர் காசை நீட்டினார். அந்த அம்மா எண்ணி வாங்கி, மீதி கொடுத்தார். இந்தத் தடவை நான் அவர் கையை இழுக்கவில்லை. பக்கத்து மேசையில் பரோட்டாவுக்குக் காத்திருந்த ஒரு இளம் ஜோடி எங்கள் தட்டைப் பார்த்து, “ஆன்ட்டி, இது என்ன?” என்று கேட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கை எடுத்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு அவள் கடைக்கார அம்மாவிடம் நம்பர் கேட்டாள்.

நீங்கள் இருவராகக் கல்வராயன் மலைக்குப் போவதானால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், அருவியில் தண்ணீர் இருக்கும். வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு கடையில் பேசி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகிறபோது முந்தின நாளே சாமை ஆக்கச் சொல்லுங்கள், கேட்கிற விலையைக் கொடுங்கள்.