அடுப்படியில் தொடங்கும் அண்டை வீட்டார் உரிமை

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மார்க்கம் என்றதும் தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. அடுப்பில் கொதிக்கும் ஆணமும், வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடையும், பேரூராட்சிக்குச் செலுத்தும் வரியும் மார்க்கத்தைச் சேர்ந்தவை என்று நம்மில் பலர் எண்ணுவதில்லை. அவை உலகக் காரியங்கள், பள்ளிவாசலுக்கு வெளியே உள்ளவை என்று ஒதுக்கி விடுகிறோம். ஆனால் மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் அண்டை வீட்டாரின் உரிமையும் அடங்கும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்நிஸா அத்தியாயத்தின் 36வது வசனம், அல்லாஹ்வை வணங்குமாறு கட்டளையிட்ட கையோடு பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருடன் அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு கூறுகிறது. உறவினரான அண்டை வீட்டார், உறவினரல்லாத அண்டை வீட்டார் என இரு சாராரையும் அது தனித்தனியே குறிப்பிடுகிறது. அண்டை வீட்டாரைச் சொத்தில் வாரிசாக்கி விடுவாரோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக் கொண்டே இருந்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

ஆணத்தில் ஒரு பங்கு

இந்த உரிமை எங்கே தொடங்குகிறது? அடுப்படியில் தொடங்குகிறது. ஆணம் காய்ச்சினால் அதில் நீரைக் கூட்டி, அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை; நீரைக் கூட்டச் சொன்னார்கள். வசதியற்ற வீட்டாரும் செய்யக்கூடிய தர்மம் இது. “எங்கள் வீட்டுக் குழம்பைக் கொடுப்பதா?” என்று வெட்கப்பட்டு நிறுத்திக் கொள்ள வேண்டியதில்லை.

அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதில் இல்லை. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாகி விட்டதா என்று அவர்கள் கேட்டதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

நம் ஊர்களில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நோன்புக் கஞ்சி. ரமளான் மாலையில் அஸருக்குப் பின் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு வருபவர்களில் மாற்று மதச் சகோதரர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தக் கஞ்சிக்காகத் தமிழக அரசு பல ஆண்டுகளாகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. அந்த அரிசி எல்லா மதத்தவரின் வரிப்பணத்திலிருந்தும் வருவது. ஆகவே அது ஓர் அமானிதம். அதன் கணக்கை ஜமாஅத் நிர்வாகிகள் ஒளிவுமறைவின்றி வைத்திருப்பதும், கேட்டு வரும் எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதிருப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதாகும்.

கொடுப்பதைவிட முந்தியது

உணவைக் கொடுப்பது நன்மை. துன்பம் தராமலிருப்பதோ கடமை. இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்று, தர்மமும் செய்த ஒரு பெண், தன் நாவால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தியதால் அவளிடம் நன்மையில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இச்செய்தி இமாம் புகாரீ அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் உள்ளது. நாவால் தரும் துன்பத்துக்கே இந்த நிலையென்றால், நோயைத் தரும் துன்பத்தின் நிலை என்ன?

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாக்கடையில் பெருகுவதைவிட, நாம் மூடாமல் வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் அதிகமாகப் பெருகுகிறது. குடம், டிரம், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். அந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் செல்வதில்லை. அப்படியானால் நம் வீட்டு டிரம்மில் பிறந்த கொசு யாரைக் கடிக்கும்? நம் பிள்ளைகளையும், அடுத்த வீட்டுக் குழந்தையையும்தான் கடிக்கும்.

இதற்கு எளிய வழி உண்டு. வெள்ளிக்கிழமை நாம் குளித்து, தூய ஆடை அணிந்து ஜும்ஆவுக்குத் தயாராகும் நாள். அன்று காலையில் வீட்டிலுள்ள தண்ணீர்ப் பாத்திரங்களை எல்லாம் கவிழ்த்து, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பி மூடி வையுங்கள். தேய்ப்பது அவசியம்; ஏனெனில் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு முறை இதைச் செய்தால் கொசுவின் வளர்ச்சி இடையிலேயே அறுபட்டு விடும்.

வலீமா விருந்தில் மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் சாக்கடையில் கொட்டுவது, குர்பானி நாட்களில் குடலையும் தோலையும் தெருமுனையில் விட்டுச் செல்வது ஆகியவையும் இவ்வகையே. சாக்கடை அடைத்துக்கொண்டால் தாழ்வான பகுதியில் இருக்கும் ஏழையின் வீட்டுக்குள்தான் கழிவுநீர் புகும். பாதையிலிருந்து துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. அகற்றுவது ஈமானின் கிளை என்றால், கொண்டுவந்து போடுவதை என்னவென்று சொல்வது? ஜும்ஆ நேரத்தில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பிறர் வழியை மறிப்பதையும் இதோடு சேர்த்துச் சிந்தியுங்கள்.

பேரூராட்சியும் நம் பொறுப்பே

தெருவைத் தனி மனிதர் ஒருவரால் முழுமையாகப் பராமரிக்க முடியாது. அதற்காகவே உள்ளாட்சி மன்றங்கள் இருக்கின்றன. குடிநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், வடிகால் ஆகியவை பேரூராட்சியின் பணிகள். இப்பணிகளுக்கான வருவாயில் நாம் செலுத்தும் சொத்து வரியும் அடங்கும். அவ்வரி அரையாண்டுக்கு ஒரு முறை செலுத்த வேண்டியது. வரியை நிலுவையில் வைத்துவிட்டு, விளக்கு எரியவில்லை என்று குறை கூறுவது நீதியாகாது.

தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011ஆம் ஆண்டுக்குப் பின் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடைபெற்றது. இடையில் 2016 முதல் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மன்ற உறுப்பினரே இல்லாமல், அதிகாரிகளே நிர்வகித்தனர். முறையிட வார்டு உறுப்பினர் இல்லாத அந்நாட்களின் சிரமத்தை நீங்கள் அறிவீர்கள். ஆகவே வாக்குரிமையை இலேசாகக் கருதாதீர்கள். வாக்களிப்பது சாட்சியம், பரிந்துரை, பொறுப்பை ஒப்படைத்தல் ஆகிய மூன்றையும் உள்ளடக்கியது என்று முஃப்தி முஹம்மது ஷஃபீஉ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அப்படியிருக்க, பணம் வாங்கிக்கொண்டு வாக்களிப்பவர் தம் சாட்சியத்தை விற்றவராகிறார். உறவுக்காகவோ தெருப்பற்றுக்காகவோ தகுதியற்றவரைத் தேர்ந்தெடுப்பவரும் அமானிதத்துக்கு மாறு செய்தவரே.

பெண்களும் இதிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. குழாயில் தண்ணீர் எந்த நாளில் வரும், எந்தச் சந்தில் விளக்கில்லை என்பதை நன்கு அறிந்தவர்கள் அவர்களே.

முறையிட்டும் பலன் கிடைக்காதபோது கூச்சலிடுவதும் சாலையை மறிப்பதும் மட்டுமே வழியல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம். நம் தெரு வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற கேள்விக்குப் பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால் அதுவும் ஒரு ஸதக்காவே. எந்த மதத்தவர் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுங்கள்.

மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி மக்களின் பொது உபயோகத்திற்கு விட்டார்கள். அத்தகைய வசதி நம் எல்லோருக்கும் இல்லை. எனினும் நம்மிடம் ஒரு அகப்பை ஆணம் இருக்கிறது. மூடிவைக்க ஒரு டிரம் இருக்கிறது. செலுத்த வேண்டிய வரி இருக்கிறது. எழுத ஒரு தாள் இருக்கிறது. இந்த வாரம் இவற்றில் ஒன்றையேனும் நிறைவேற்ற உறுதி கொள்வோமாக!

அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி, அவர்களின் துஆவைப் பெறும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.