வயது மாறும் தட்டம்மை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

வீட்டில் யாருக்கேனும் தட்டம்மை கண்டால், ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்று வாசலில் வேப்பிலை செருகுவார் என் பாட்டி. தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போய் வருவார். அந்நாளில் அது குழந்தைகளின் நோய். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தெருவுக்குள் வரும். அதுவரை அம்மை காணாத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும். ஒருமுறை கண்டவருக்கு மீண்டும் வருவது மிக அரிது.

தடுப்பூசி வந்தபின் நோய் குறைந்தது. ஆனால் குறையக் குறைய, அது தாக்கும் முறையும் மாறுகிறது. எப்படி?

9ஆம் மாதத்தில் ஊசி போட்ட 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கே எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. எஞ்சியவர்களும், ஊசியே போடாதவர்களும் முன்போல் உடனே நோய்வாய்ப்படுவதில்லை. அருகில் நோயாளி இல்லாததால் தப்பி வளர்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் மழைக்கு மழை நீர் ஏறுவதுபோல, இவர்கள் தொகை ஆண்டுதோறும் ஏறுகிறது. பல்லாண்டு அமைதிக்குப் பின் வெளியூரிலிருந்து ஒரு நோயாளி வந்தாலே போதும், மதகு திறந்துவிடும்.

நம் அண்டை நாடான இலங்கை இதற்குச் சான்று. அங்கு 1984இல் தட்டம்மை ஊசி தொடங்கியது. 1999–2000இல் நோய் பெருகியபோது, வளர்ந்த பிள்ளைகளும் இளைஞர்களும் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். 2001இல் இரண்டாம் தவணை சேர்க்கப்பட்டது. 2011இல் முதல் தவணையை 12ஆம் மாதத்துக்குத் தள்ளினார்கள். 2013இல் நோய் திரும்பியபோது ஒரு வயது நிரம்பாத சிசுக்கள் பலர் அதனால் பாதிக்கப்பட்டனர். ஊசி மீண்டும் 9ஆம் மாதத்துக்கு வந்தது. 2019இல் தட்டம்மையை ஒழித்த நாடு என்ற சான்று இலங்கைக்குக் கிடைத்தது. ஆயினும் 2023இல் நோய் மறுபடியும் தலைகாட்டியது. ஊசி வயதை எட்டாத கைக்குழந்தைகளும், 20 வயதைக் கடந்தவர்களுமே அதில் மிகுதி.

இருபது வயது! அது நம் வயதல்லவா?

2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோர்க்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. கைப்பேசியில் பரவிய வதந்தியை நம்பி, அன்று சிலரைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. எங்கள் வீட்டிலும் தயக்கம்தான். படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆசிரியை வந்து விளக்கியபிறகே அப்பா சம்மதித்தார். அன்று வராத பிள்ளைகள் இன்று கல்லூரிகளிலும், அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் நம்மோடு இருக்கிறார்கள்.

நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு தவணையும் சேர்ந்தால்தான் இந்நோய் பரவ வழியிராது. ஆகவே நண்பர்களே, இன்றே வீட்டில் கேளுங்கள்: ‘எனக்கு இரண்டு ஊசியும் போட்டீர்களா?’ ஐயமிருந்தால் மருத்துவரைக் காணுங்கள். அன்று என் வீட்டுக்கு வந்த அந்த ஆசிரியையின் வேலை, இன்று படித்த நம்முடையது.