மறதியும் மறதிநோயும்

தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதை வீடெங்கும் தேடுவார். பாட்டி பேரனை அழைக்கும்போது முதலில் மகனின் பெயரைச் சொல்லிப் பிறகு திருத்திக்கொள்வார். இவற்றைக் கண்டு சிலர் சிரிப்பர், சிலர் அஞ்சுவர். முதுமையில் இயல்பாக வரும் மறதி வேறு, மறதிநோய் வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவர் சிரிக்கவும் மாட்டார், வீணாக அஞ்சவும் மாட்டார்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று இணைந்து செய்திகளைப் பரிமாறுவதாலேயே நாம் சிந்திக்கிறோம், பேசுகிறோம். வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது. செயல்படும் வேகமும் குறைகிறது. அதனால் தெரிந்த பெயரும் உடனே நாவுக்கு வருவதில்லை. ஆயினும், சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சொல்வளமும் பட்டறிவும் எளிதில் குறைவதில்லை.

மறதிநோய் அத்தகையதன்று. 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவரது நினைவாற்றல் பெரிதும் குன்றியிருந்தது. 1906இல் அவர் இறந்தபின், அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரது மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும், உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். மறதிநோய்க்கு மிகுதியும் காரணமான நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இந்நோய், புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. எனவே, காலையில் உண்டது மறந்துபோகும். இளமைக்கால நிகழ்ச்சிகளோ நெடுநாள் நிலைத்திருக்கும்.

கடைக்குச் சென்றவர் ஒரு பொருளை வாங்க மறப்பது இயல்பு. பல்லாண்டு பழகிய கடையிலிருந்து வீடு திரும்பும் வழியை மறப்பது நோயின் அறிகுறி. ஒரு செய்தியை எப்போதாவது திரும்பக் கூறுவது இயல்பு. ஒரே கேள்வியைச் சில நிமிடங்களுக்குள் மீண்டும் மீண்டும் கேட்பது அறிகுறி. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு ஆகியவற்றாலும் மறதி மிகலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே, ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். அல்சைமர் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

மொழிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என ஐதராபாத்தில் ஆராயப்பட்டது. 648 நோயாளிகளிடம் நடத்தப்பெற்ற அவ்வாய்வு 2013இல் வெளியாயிற்று. ஒரு மொழி மட்டும் பேசியவரைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசியவரிடம் நோய் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தது. எழுதப் படிக்க அறியாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பல மொழி அறிந்தவருக்கு நோயே வராது என்பது இதன் பொருளன்று.

நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி சிலரிடமிருந்து முதலில் நழுவுகிறது. தாய்மொழி எஞ்சி நிற்கிறது. தில்லியிலோ மும்பையிலோ நாற்பது ஆண்டுகள் இந்தி பேசி வாழ்ந்த தமிழர் ஒருவர், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடத் தமிழில் மட்டுமே சொல்லக்கூடும். அப்போது வீட்டில் தமிழ் அறிந்த பேரக்குழந்தையே அவருக்குத் துணை. அவர் தவறாகச் சொல்வதை வாதிட்டுத் திருத்த வேண்டியதில்லை. எதிரே அமர்ந்து, சிறு சிறு தொடர்களில், பொறுமையாகப் பேசினால் போதும். பெயர் மறந்தாலும் அன்பான குரலை அவர் உணர்வார்.

சொற்பொருள்
பட்டறிவு – அனுபவம்
குன்றுதல் – குறைதல்
எஞ்சுதல் – மீதமிருத்தல்

வினாக்கள்
1. முதுமையில் மூளையில் நிகழும் இயல்பான மாற்றங்கள் யாவை?
2. இயல்பான மறதி, நோயின் அறிகுறி ஆகியவற்றுக்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டு தருக.
3. வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.