செய்யும் முன் கேளுங்கள்: அமெரிக்காவின் சர்வதேச மாணவர் அலுவலகம் எப்படி இயங்குகிறது?

எஃப்-1 விசாவில் அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்பவர், வகுப்பறைக்குள் நுழையும் முன்பே ஓர் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் அது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் இருந்தனர். அவர்களில் 3,31,602 பேர் இந்தியர்கள். சீனாவை முந்தி இந்தியா மீண்டும் முதலிடத்துக்கு வந்தது அந்த ஆண்டில்தான்.

இந்த அலுவலகத்தைப் பற்றி மாணவர்களிடையே இரண்டு பேச்சு உண்டு. புதிதாக வந்தவர்கள், “விசா சம்பந்தமான எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்” என்பார்கள். ஒரு வருடம் ஓட்டியவர்கள், “மெயில் போட்டால் பதில் வராது, நேரில் போனால் இணையதளத்தைப் பார் என்பார்கள்” என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அந்த அலுவலகத்தின் அமைப்பில் இருக்கிறது.

ஒரே மேசை, இரண்டு வேலை

அங்கே மாணவரின் விசா நிலையைக் கவனிப்பவருக்கு டி.எஸ்.ஓ. என்று பெயர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஆனால் அவர் தினமும் திறந்து வேலை பார்ப்பது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘செவிஸ்’ என்ற கணினிப் பதிவேட்டில். அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இல்லாத ஒருவர் இந்தப் பொறுப்புக்கு வர முடியாது.

வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அது வேகம் பிடித்து, 2003-இல் செவிஸ் நடைமுறைக்கு வந்தது. மாணவர் முகவரி மாற்றினாலோ, படிப்பைப் பாதியில் விட்டாலோ, பாடச்சுமையைக் குறைத்தாலோ 21 நாட்களுக்குள் டி.எஸ்.ஓ. அதில் பதிய வேண்டும். பதியத் தவறினால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே பல்கலைக்கழகம் இழக்க நேரிடலாம்.

நம்மூர் கிராம நிர்வாக அலுவலர், ஊர்க்காரருக்குச் சான்றிதழ் கிடைக்கவும் வழி செய்வார். அரசாங்கத்தின் கணக்கையும் எழுதுவார். டி.எஸ்.ஓ.வின் இடமும் ஏறத்தாழ அதுதான். நல்லவராக இருப்பார், உதவவும் நினைப்பார். ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல விட்டுவிட அவருக்கு அதிகாரம் இல்லை.

முன்பு கேட்டால் அனுமதி, பின்பு கேட்டால் மீறல்

மாணவர்கள் மனக்கசப்போடு வெளியே வரும் சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் சிக்கல் ஒன்றே: காரியம் முடிந்த பிறகு கேட்டிருப்பார்கள்.

இளநிலை மாணவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். உடல்நிலை சரியில்லை என்றால் மருத்துவர் சான்றின் பேரில் பாடச்சுமையைக் குறைக்க டி.எஸ்.ஓ. அனுமதிக்கலாம், மனநலச் சிக்கலுக்கும் இது பொருந்தும். ஆனால் அனுமதி வந்த பிறகே பாடத்தை விட வேண்டும். முதலில் விட்டுவிட்டுப் பிறகு சான்றிதழோடு போனால், அதே காரணம் செல்லாமல் போய்விடும்.

வேலை விஷயமும் இப்படித்தான். வளாகத்துக்குள் என்றால் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வெளியே இன்டர்ன்ஷிப் என்றால், வேலையில் சேரும் நாளுக்கு முன்பே பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் சி.பி.டி. (படிப்பின் அங்கமான பயிற்சி வேலை) அனுமதி ஏறியிருக்க வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் பட்ட நிலைக்கான ஓ.பி.டி. (படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதி) வாய்ப்பு பறிபோகும். உணவகத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ ரொக்கக் கூலிக்கு வேலை பார்த்தது தெரியவந்தால், இழந்த மாணவர் நிலையை மீட்கும் வழியும் அநேகமாக அடைபட்டுவிடும். அப்போது டி.எஸ்.ஓ.வால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

படிப்பு முடிந்தபின் செய்யும் ஓ.பி.டி.க்கு, படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். டி.எஸ்.ஓ. பரிந்துரை பதிவான 30 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறையைச் சேர்ந்தாக வேண்டும். படிப்பைப் பாதியில் நிறுத்துவதிலும் வித்தியாசம் உண்டு: டி.எஸ்.ஓ. ஒப்புதலோடு விலகினால் ஊர் திரும்ப 15 நாள் அவகாசம்; சொல்லாமல் விலகினால் ஒரு நாள்கூடக் கிடையாது.

பதில் ஏன் தாமதமாகிறது?

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கான மாணவர்களைச் சில டி.எஸ்.ஓ.க்கள் பார்க்கிறார்கள். ஆகஸ்டிலும் ஜனவரியிலும் புது மாணவர் பதிவு. வசந்த செமஸ்டர் முடியும் நேரத்தில் ஓ.பி.டி. நெரிசல். “என் ஸ்டேட்டஸ் என்ன ஆகும்?” என்று பொதுவாகக் கேட்கும் மெயில் அந்தக் குவியலில் அடியில் போய்விடும். மாணவர் எண், தேதிகள், ஒரே ஒரு தெளிவான கேள்வி ஆகியவற்றோடு எழுதினால் பதில் விரைவாக வர வாய்ப்பு உண்டு. அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். டி.எஸ்.ஓ. வழக்கறிஞர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். கைது, வழக்கு, விசா மறுப்பு என்று வந்தால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரே தேவை.

மனச்சோர்வு, தனிமை, குடும்பப் பிரச்சினை ஆகியவற்றுக்கு உளவியல் ஆலோசனை மையம் தனியாக உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, அங்கே பேசுவது ரகசியமாகவே இருக்கும். அங்கு சென்றதாலேயே விசாவுக்குப் பங்கம் வந்துவிடாது.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. 1974-ஆம் ஆண்டின் ‘ஃபெர்பா’ சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவுகளின் மீதான உரிமை மாணவருடையது. சென்னையிலிருந்து அப்பா போன் செய்து, “என் பையன் மார்க் என்ன?” என்று கேட்டால், பையனின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் சொன்னது

2025 வசந்தகாலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அமெரிக்க அரசு திடீரென ரத்து செய்தது. செவிஸைத் திறந்து பார்த்த டி.எஸ்.ஓ.க்கள் சொல்லித்தான் பலருக்கு விஷயமே தெரிந்தது. வழக்குகள் குவிந்தன, ஏப்ரல் 25 அன்று, பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அரசின் முடிவைத் தடுக்கும் சக்தி பல்கலைக்கழக அலுவலகத்துக்கு இல்லை. ஆனால் ஆபத்தை முதலில் பார்த்துச் சொல்லக்கூடிய இடம் அதுதான்.

எனவே, வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரியைத் தெரிவியுங்கள். பல்கலைக்கழக மெயிலைத் தினமும் பாருங்கள். ஊருக்கு வரும் முன் ஐ-20-இல் பயணக் கையொப்பம் காலாவதியாகவில்லையா என்று சரிபாருங்கள். பாடத்தை விடுவதா, வேலையில் சேர்வதா, படிப்பை நிறுத்துவதா, எதுவானாலும் அறை நண்பரிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்பதற்கு முன் டி.எஸ்.ஓ.விடம் எழுதிக் கேளுங்கள்.