பந்தயப் பணம் சிக்கிக்கொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

"கிரிப்டோவில் கட்டினால் பயமே இல்லை சார், எல்லாம் பிளாக்செயினில் பதிவாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே, பந்தயத்தில் பணம் சிக்கியவர்கள் என்னிடம் வருகிறார்கள். கையில் இருப்பதோ இரண்டு மூன்று ஸ்கிரீன்ஷாட். வீட்டில் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் டெலிகிராம் உரையாடலை அழித்திருப்பார்கள். எந்தத் தேதியில், எந்த யூபிஐ ஐடிக்கு, எவ்வளவு போனது என்று கேட்டால் பதில் இருக்காது. வங்கிக் கணக்கு முடங்கி மாதங்கள் ஓடியிருக்கும். முடக்கச் சொன்னது எந்த ஊர்க் காவல் நிலையம் என்பதைக்கூட வங்கியில் கேட்டிருக்க மாட்டார்கள். இதையே திரும்பத் திரும்பப் பார்த்த அலுப்பில்தான் எழுதுகிறேன்.

பெட்ஃபேர் போன்ற பழைய பந்தயச் சந்தையும் பாலிமார்க்கெட் போன்ற கிரிப்டோ கணிப்புச் சந்தையும் செய்வது ஒரே வேலைதான். 2000இல் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேரில் ஒருவர் நடக்கும் என்று கட்டுவார், எதிரே இன்னொருவர் நடக்காது என்று கட்டுவார். நிறுவனம் லாபத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். 2020இல் வந்த பாலிமார்க்கெட்டில் இதையே பங்கு வாங்குவது என்கிறார்கள். 'ஆம்' பங்கின் விலை 62 சென்ட். நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. பெட்ஃபேர் திரையில் இதே கணக்கு, ஒன்று கட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 1.61 என்று தெரியும். அங்கே பவுண்டு, இங்கே யூஎஸ்டிசி என்ற டாலர் கிரிப்டோ. பங்கு என்று பெயர் வைத்ததால் இது முதலீடாகிவிடாது. நம் நாட்டில் 'ஒப்பீனியன் டிரேடிங்' என்ற பெயரில் இதே ஆட்டத்தை நடத்திய தளங்கள் தன் அதிகார வரம்புக்குள் வராதவை, அங்கே முதலீட்டாளருக்குரிய எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று செபியே 2025 ஏப்ரலில் எச்சரித்தது.

தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது யார் என்பதில்தான் இரண்டும் வெகுவாக வேறுபடுகின்றன. பாலிமார்க்கெட்டின் பல சந்தைகளில் ஒருவர் 750 டாலர் அளவுக்குப் பிணைத்தொகை வைத்து "முடிவு இதுதான்" என்று முன்மொழிவார். இரண்டு மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அதுவே முடிவு. மறுப்பு தொடர்ந்தால் யூஎம்ஏ என்ற டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். அதிக டோக்கன் வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு. 2025 மார்ச்சில், அமெரிக்காவுடன் கனிம ஒப்பந்தத்துக்கு யுக்ரைன் சம்மதிக்குமா என்ற சந்தை, ஒப்பந்தம் ஆகாமலேயே 'ஆம்' என்று முடிக்கப்பட்டது. புழங்கிய தொகை சுமார் 70 லட்சம் டாலர். பெரிய டோக்கன்தாரர் ஒருவர் வாக்கைத் திருப்பிவிட்டார் என்று தோற்றவர்கள் கொதித்தார்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக முடிந்துவிட்டது என்று பாலிமார்க்கெட் ஒப்புக்கொண்டது. ஆனாலும் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

பெட்ஃபேரும் புனிதமானதல்ல. 2011 டிசம்பரில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் குதிரைப் பந்தயத்தில், ஜெயிக்கும் நிலையில் ஓடிக்கொண்டிருந்த குதிரைக்கு 28க்கு 1 என்ற விகிதம் திரையில் நின்றது. தானியங்கி மென்பொருளின் கோளாறு என்று சொல்லி, ஓட்டத்தின் நடுவே கட்டிய பந்தயங்கள் எதுவும் செல்லாது என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனால் பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் மீது முறையிட வழி இருக்கிறது. எட்டு வாரத்தில் புகார் தீராவிட்டால், ஐபாஸ் போன்ற சுயேச்சையான தீர்வு அமைப்புக்குக் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அந்த வழி நமக்கில்லை. வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் தருகிற 'ஐடி', பெட்ஃபேர் ரேட்டைக் காட்டினாலும், பெட்ஃபேர் கணக்கு அல்ல. திரையில் தெரியும் இருப்பு அந்த ஏஜென்ட் எழுதிவைத்த எண். டெலிகிராமில் வரும் லிங்க் பாலிமார்க்கெட்டைப் போலவே தெரியலாம். தோற்றத்தை நம்பி வாலட்டை இணைக்காதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

பந்தயத்தில் தோற்றது வேறு, ஏமாற்றப்பட்டது வேறு. தோற்ற பணத்துக்குப் புகார் கிடையாது. போலித் தளம், பணத்தை எடுக்கவிடாமல் "முதலில் வரி கட்டு" என்று மேலும் கறப்பது, வாலட்டைக் காலி செய்வது, இவையெல்லாம் மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி யூஎஸ்டிடி என்ற கிரிப்டோவாக மாறிவிடும். அழைக்குமுன் வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பெற்றவரின் யூபிஐ ஐடி, 12 இலக்க யூடிஆர் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் வாலட் முகவரி, பரிவர்த்தனை ஹேஷ், எந்த நெட்வொர்க் என்பதும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் பாதி ஹேஷ்தான் தெரியும். முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள்.

அழைத்தபின் வரும் ஒப்புகை எண்ணைப் பலர் எஃப்ஐஆர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது எஃப்ஐஆர் அல்ல. சைபர்கிரைம் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்து, அதன் அச்சுப்பிரதியோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போய் குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்குங்கள். "ஆன்லைனில் போட்டாச்சே, போங்க" என்று திருப்பி அனுப்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தவறு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173(4) பிரிவின்படி புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். நீங்களே ஆடியிருந்தால், எழுதுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் 15100க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பொய்க்கணக்கு மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

இன்னொரு ரகம், யூஎஸ்டிடியை பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, விற்றுப் பணம் வாங்கியவர்கள். வாங்கியவர் அனுப்பியது யாரோ ஏமாந்தவரின் பணமாக இருந்தால், வேறு மாநிலப் போலீஸின் கடிதத்தால் உங்கள் கணக்கு முடங்கும். கிளையில் "மேலிடத்து உத்தரவு" என்பார்கள். அதோடு திரும்பி வராதீர்கள். முடக்கச் சொன்ன காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், சந்தேகத்துக்குரிய தொகை, விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு, உங்கள் நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம்.

விவரம் கிடைத்ததும் பி2பி ஆர்டர் விவரம், வங்கி அறிக்கை, அடையாளச் சான்று மூன்றையும் இணைத்து அந்த அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவிக்கும்படி கேளுங்கள். முழுக் கணக்கையும் முடக்கிப் போடுவது சரியல்ல என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் "பணத்தை மீட்டுத் தருகிறோம், பத்து சதவீதம் முன்பணம்" என்று ஒருவர் வருவார். பணம் கொடுக்காதீர்கள். வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களான சீட் ஃபிரேஸைக் கேட்பார், கொடுக்காதீர்கள். போலீஸ் என்றே சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்; அந்த எண்ணையும் அதே ஒப்புகை எண்ணின் கீழ் புகாரில் சேர்த்துவிடுங்கள்.